பொதுப் பணமும் பொறுப்பாளர் கடமையும்

"சிவன் சொத்து குலநாசம்" என்பது எம் முன்னோர் வாக்கு. கோயிற் பொருளைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல நினைப்பவனின் கையைத் தடுப்பதற்கு அந்த ஒரு சொல்லே பல தலைமுறைகளாகப் போதுமானதாக இருந்து வந்துள்ளது. ஆனால் தன் வீட்டுக்கு ஒரு சதமும் எடுத்துச் செல்லாதவர்களும் பொதுப் பணத்தில் தவறிழைக்கக் கூடும். ஊருக்கு நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டே அவர்கள் அந்தத் தவறைச் செய்வார்கள். அவர்களைத் தடுப்பதற்கு இப்பழமொழி போதாது. அதற்குச் சற்று ஆழமான சிந்தனை வேண்டும்.

இன்று ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால் அங்கே ஆலய பரிபாலன சபை, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம், முன்பள்ளி நிர்வாகம், விளையாட்டுக் கழகம், மரண சகாய சங்கம் எனப் பல அமைப்புக்கள் இருப்பதைக் காணலாம். இவை யாவும் இலாப நோக்கற்றவை. இவற்றில் பதவி வகிப்போர் பெரும்பாலும் சம்பளம் பெறாதவர்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இன்னோர் அம்சம் பிறர் பணத்தைக் கையாள்வதாகும். அரச திணைக்களங்களின் நிதி, தொண்டு நிறுவனங்களின் கொடை, புலம்பெயர்ந்து வாழும் ஊரவர் அனுப்பும் அன்பளிப்பு, உபயகாரர் தரும் காணிக்கை என்று பல வழிகளிலும் பணம் வருகின்றது. ஆகவே இவ்வமைப்புக்களை நடத்துவோர் முன் மூன்று அறக் கேள்விகள் எழுகின்றன. பொதுக் காரியத்துக்காகப் பிறரிடம் கேட்பது இழிவானதா? கேட்டுப் பெற்ற பணம் யாருடையது? நல்ல நோக்கம் ஒன்றுக்காகக் கணக்கை வளைத்து எழுதலாமா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

கேட்பது இழிவா?

திருவள்ளுவர் பொருட்பாலில் 'இரவு' என ஓர் அதிகாரத்தையும் அதனை அடுத்து 'இரவச்சம்' என இன்னோர் அதிகாரத்தையும் வைத்துள்ளார். இவை 106ஆம், 107ஆம் அதிகாரங்களாகும். முன்னையது கேட்கத் தக்காரிடம் கேட்பதில் குறையில்லை என்கின்றது. பின்னையது கேட்க நேர்வதை எண்ணி அஞ்சுகின்றது. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இவ்விரண்டையும் அவர் அருகருகே வைத்ததில் ஒரு பொருத்தம் உண்டு. கேட்க வேண்டிய வேளையில் கேட்கத்தான் வேண்டும். கேட்கும்போது ஓர் அச்சமும் உள்ளே இருக்கத்தான் வேண்டும். அந்த அச்சம் அற்றுப் போனவன் கேட்பதையே தொழிலாக்கிக் கொள்வான்.

எமது சமூகத்தில் பொதுக் காரியங்களுக்குப் பிடியரிசி சேர்க்கும் வழக்கம் இருந்தது. உலையில் இடுவதற்கு அரிசி அளக்கும் போதெல்லாம் இல்லத்தரசி ஒரு பிடியை எடுத்து வேறொரு பாத்திரத்தில் போட்டு வைப்பாள். வார முடிவில் அது மடத்துக்கோ கோயிலுக்கோ பாடசாலைக்கோ போய்ச் சேரும். பெரிய தொகை சேராவிட்டாலும் இம்முறையில் பெரியதோர் அறம் அடங்கியிருந்தது. ஊரில் மிக வறிய குடும்பமும் அங்கே கொடை கொடுத்த குடும்பமாயிற்று. கொடுத்த குடும்பத்துக்கு "என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும் உரிமையும் உண்டாயிற்று.

இன்று வெளியிலிருந்து பெருந்தொகை ஒரே தடவையில் வருகின்றபோது ஊரவர் வெறும் பார்வையாளராகி விடுகின்றனர். தம் பிடி அரிசி அதில் இல்லாதபடியால் கணக்குக் கேட்கும் உரிமையும் தமக்கில்லை என்று எண்ணி விடுகின்றனர். கொடை தரும் நிறுவனங்கள் பலவும் சமூகப் பங்களிப்பை ஒரு நிபந்தனையாக வைப்பதுண்டு. அதனைச் சிரமதானமாகவோ பணமாகவோ காட்டச் சொல்வார்கள். சில சங்கங்கள் இதனை ஒரு தொல்லையாகக் கருதி, நடக்காத சிரமதானத்துக்கு வரவுப் பதிவேடு எழுதி அனுப்பி விடுகின்றன. அவ்வாறு செய்யும்போது ஊரைக் காவலாக நிறுத்தக் கூடிய ஒரே வழியை அவர்களே அடைத்து விடுகின்றனர். வெளியாரிடம் கேட்பதற்கு முன்னர் உள்ளூரில் கேட்க வேண்டும். அதுவே முறையாகும்.

கேட்கும் முறையிலும் அறம் உண்டு. உதவி கோரும் விண்ணப்பத்தில் பயனடைவோர் தொகை, இப்போது உள்ள வசதி, தேவைப்படும் வேலை, அதன் மதிப்பீடு, வேலை முடிந்தபின் பராமரிக்கப் போகிறவர் யார் என்பவை உண்மையாக எழுதப்பட வேண்டும். முப்பது பிள்ளைகள் வரும் முன்பள்ளிக்கு அறுபது பிள்ளைகள் என்று எழுதினால் உதவி விரைவாகக் கிடைக்கலாம். "யாருக்கு நட்டம்?" என்று கேட்பவர்களும் உளர். கொடை நிதி எப்போதும் ஓர் எல்லைக்குட்பட்டது. அறுபது என்று எழுதிய ஊருக்குக் கிடைத்த பணம், நாற்பது பிள்ளைகளை உண்மையாகவே வைத்துக்கொண்டு நாற்பது என்றே எழுதிய இன்னோர் ஊரின் பங்காக இருந்திருக்கும். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளே இந்தப் பொய்யினால் நட்டமடைந்தவர்கள்.

பெற்ற பணம் யாருடையது?

கொடுத்தவருடையது என்பர் சிலர். கொடுத்த பின் சங்கத்தினுடையது என்பர் வேறு சிலர். இரண்டும் முழு உண்மையல்ல. எமது நாட்டில் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இவ்விடயத்தில் ஒரு தெளிவைத் தருகின்றது. நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரில் சொத்து இருக்கலாம். அதன் பயன் அவருடையதல்ல. எவருக்காக அது ஒப்படைக்கப்பட்டதோ அவர்களுக்கே அதன் பயன் உரியது. பொறுப்பாளர் அச்சொத்தைக் கொண்டு தமக்கு இலாபம் தேடக் கூடாது. தெளிவான, சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும். சாதாரண முன்யோசனையுள்ள ஒருவர் தம் சொந்தச் சொத்தில் காட்டும் கவனத்தை இதிலும் காட்ட வேண்டும். அறக்கட்டளை ஒன்று முறைகேடாக நடத்தப்படுமாயின், அதில் அக்கறையுள்ள ஐவரோ அதற்கு மேற்பட்டவர்களோ சட்டம் கூறும் முறைப்படி மாவட்ட நீதிமன்றத்தை நாடவும் வழியுண்டு. தொண்டர் சமூக சேவை அமைப்புக்களைப் பதிவு செய்வதற்கும் மேற்பார்வை செய்வதற்குமென 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமும் பின்னர் வந்தது.

தம் சொந்தச் சொத்தைப் போலக் கவனிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. எமது கிராமிய வழக்கமோ அதற்கும் ஒருபடி மேலே போகின்றது. கலியாண வீட்டுக்கு அயல் வீட்டில் சங்கிலி இரவல் வாங்கியவள் தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பதிலும் பார்க்க அந்த இரவல் சங்கிலியைத்தான் பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பாள். விழா முடிந்த கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவளுக்கு நித்திரை வரும். தன் பொருள் தொலைந்தால் நட்டம் மட்டுமே. பிறர் பொருள் தொலைந்தால் நட்டத்தோடு பழியும் சேரும். பொதுப் பணத்தைக் கையாளும் தனாதிகாரிக்கு இந்த இரவல் சங்கிலி நினைவு எப்போதும் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு கொடையில் மூவருக்குப் பங்குண்டு. என்ன நோக்கத்துக்காகக் கொடுத்தேனோ அதற்கே செலவாயிற்றா என அறியும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு. அதன் பயனை அடையும் உரிமை யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களுக்கு உண்டு. இடையில் நிற்கும் நிர்வாகத்தினருக்கு உள்ளது கடமை மட்டுமே.

நல்ல நோக்கமும் பொய்க் கணக்கும்

இனி மிகக் கடினமான கேள்விக்கு வருவோம். ஓர் உதாரணத்தை வைத்து இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

ஒரு கிராமத்துச் சங்கத்துக்குப் பொதுமண்டபத்தின் கூரையைத் திருத்துவதற்கென எட்டு இலட்சம் ரூபா கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஊரவரின் உழைப்பாலும் சிக்கனத்தாலும் வேலை ஆறரை இலட்சத்தில் முடிந்து விடுகின்றது. மீதி ஒன்றரை இலட்சம். டிசம்பர் 31ஆந் திகதிக்குள் செலவு காட்டாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். அதே ஊரில் முன்பள்ளிக்கு மலசலகூடம் இல்லை. சிறு பிள்ளைகள் பக்கத்து வளவுக்குப் போகின்றார்கள். கூரைத் தகடு வாங்கியதாகச் சிட்டை எழுதித் தருவதற்குக் கடைக்காரர் ஒருவர் ஆயத்தமாக இருக்கின்றார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கூடிப் பேசுகின்றனர். மூவரும் நேர்மையானவர்கள். ஒரு சதமும் தமக்கென எடுக்கப் போவதில்லை. கூரைக் கணக்கில் சிட்டையை வைத்துவிட்டு மலசலகூடத்தைக் கட்டினால் என்ன?

இதனை ஆதரித்துப் பேசுவதற்கு நிறையவே இடமுண்டு. எவரும் களவெடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு நன்மை கிடைக்கின்றது. பணம் திரும்பிப் போனால் கொடுத்தவருக்கும் பெரிய மகிழ்ச்சி உண்டாகப் போவதில்லை. சட்டத்தின் எழுத்தைவிட ஒரு பிள்ளையின் தேவை பெரிதல்லவா என்று கேட்டால் உடனே மறுத்துரைப்பதும் எளிதன்று.

இருந்தும் இதில் உள்ள தீமைகளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, கொடுத்தவரின் சம்மதம் இன்றி அவர் பணத்தின் நோக்கம் மாற்றப்படுகின்றது. கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருக்கவும் கூடும். கேட்காமல் விட்டதனால் அந்த நன்மையைச் செய்யும் வாய்ப்பு அவரிடமிருந்து பறிக்கப்படுகின்றது. இரண்டாவது, நூறு குடும்பங்களின் சார்பில் எடுக்கப்பட வேண்டிய முடிவை மூவர் ஓர் அறைக்குள் எடுக்கின்றனர். பொதுச்சபை கூடியிருந்தால் மலசலகூடத்தை விட அவசரமான தேவை ஒன்றை எவராவது சொல்லியிருக்கக் கூடும். மூன்றாவது, சிட்டை எழுதித் தந்த கடைக்காரர் கையில் அன்று முதல் ஒரு கயிறு இருக்கின்றது. அடுத்த வேலைக்கு அவர் கேட்கும் விலையை மறுக்க அந்த மூவருக்கும் நா எழாது. நான்காவது, கட்டிய மலசலகூடம் எந்தப் பதிவேட்டிலும் இராது. இருப்புப் பதிவில் இல்லாத ஒன்றைப் பராமரிக்க எவரிடமும் பணம் கேட்க முடியாது. குழி நிறைந்த அன்று அது அநாதையாகி விடும்.

ஐந்தாவது தீமையே எல்லாவற்றிலும் பெரியது. அந்த மூவரும் நல்லவர்கள். அவர்களுக்குப் பின் வரப்போகும் மூவர் எப்படிப்பட்டவர்கள் என்று எவருக்கும் தெரியாது. கணக்கேட்டில் எழுதியிருப்பது வேறு, நடந்தது வேறு என்பதை ஊர் ஒரு முறை ஏற்றுக்கொண்டு விட்டால், அதே வழியால் களவெடுப்பவனையும் பின்னர் தடுக்க முடியாது. தடுக்க எழும்புகின்றவரைப் பார்த்து அவன், "அன்றைக்கு நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்பான். நல்லவர்கள் திறந்து வைத்த கதவால்தான் கள்வன் வருகின்றான். கூட்டக் குறிப்பை எழுதிய இளம் செயலாளரும் அன்று ஒரு பாடத்தைப் படித்துக்கொள்கின்றார். அப்பாடம் அவருடைய வாழ்நாள் முழுவதும் அவருடன் வரும்.

அப்படியானால் என்ன செய்வது? மீதி வரும் என்று தெரிந்த அன்றே கொடுத்தவருக்குக் கடிதம் எழுத வேண்டும். பொதுச்சபையின் தீர்மானம், மலசலகூடத்துக்கான மதிப்பீடு, முன்பள்ளிப் பிள்ளைகளின் தொகை என்பவற்றை இணைத்து, மீதிப் பணத்தை இதற்குப் பயன்படுத்த அனுமதி கேட்க வேண்டும். இவ்வாறு முற்கூட்டியே எழுத்தில் கேட்பவர்களுக்கு மாற்றியமைக்க அனுமதி தரும் கொடையாளர்கள் இருக்கின்றார்கள். அரச நிதிகளில் விதிகள் இறுக்கமானவை; அனுமதி கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆறரை இலட்சத்தில் வேலையை முடித்து மீதியைத் திருப்பிய சங்கம் என்ற பெயர் அடுத்த விண்ணப்பத்துக்கு ஒரு நல்ல சாட்சியாக அமையலாம்.

ஆனால் இந்த விடையுடன் நின்றுவிடுவது அறமாகாது. பணம் திரும்பிப் போனால் அந்தப் பிள்ளைகள் இன்னும் ஒரு மாரிக்குப் பக்கத்து வளவுக்குத்தான் போக வேண்டியிருக்கும். நிர்வாகத்தினர் தம் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். அதற்குரிய விலையை ஐந்து வயதுப் பிள்ளை செலுத்துகின்றது. இது நீதியாகுமா? நேர்மைக்கு ஒரு விலை இருக்குமானால், நேர்மையாக இருக்கத் தீர்மானித்த பெரியவர்களே அவ்விலையில் முதற்பங்கைச் செலுத்த வேண்டும். பணத்தைத் திருப்பி அனுப்பிய அன்றே தலைவரும் செயலாளரும் பொருளாளரும் தம்மால் இயன்றதை முதலில் வைத்து, வீடு வீடாகச் சென்று பிடியரிசி கேட்பது போலக் கேட்க வேண்டும். ஒன்றரை இலட்சம் சேராமற் போகலாம். ஓலையால் மறைத்த ஒரு தற்காலிகக் கூடமாவது எழும்பும். அதில் பொய் இராது.

கொடுப்பவர் விருப்பமும் ஊரின் தேவையும்

கொடை பெறுவதில் இன்னோர் அபாயமும் உண்டு. எதற்குப் பணம் கிடைக்கின்றதோ அதுவே தேவை என்று ஊர் எண்ணத் தொடங்குவதாகும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களைச் சூறையாடிய பின்னர் உலகம் முழுவதிலுமிருந்து உதவி வந்து குவிந்தது. மனிதாபிமானத்தின் மகத்தான வெளிப்பாடு அது. எனினும், அந்த நிவாரணப் பணிகளை ஆராய்ந்து சர்வதேச நிறுவனங்கள் கூட்டாக 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை, பல நிறுவனங்கள் பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்வதில் காட்டிய அக்கறையைப் பாதிக்கப்பட்ட மக்களுக்குப் பதில் சொல்வதில் காட்டவில்லை எனச் சுட்டிக்காட்டியது. மீனவர்களுக்குக் கொடுக்கப்பட்ட படகுகளுள் கடலுக்குப் பொருந்தாதவையும் இருந்தன. கேட்காமலே கொடுக்கப்பட்டது பல இடங்களில் பயன்படாமற் கிடந்தது.

பழைய வரலாறும் ஒரு பாடத்தைத் தருகின்றது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்படுத்தப்பட்டதன் பின்னர், தனியார் நடத்திய பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவி நன்கொடை வழங்கும் முறை இந்நாட்டில் பரவலாகியது. அதனால் மிஷன் பாடசாலைகளும் பின்னர் சைவப் பாடசாலைகளும் பௌத்த பாடசாலைகளும் பெருகி வளர்ந்தன. அந்த உதவி இல்லாவிடில் பல கிராமங்களில் எழுத்தறிவே பரவியிராது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அரசாங்கம் உதவி பெற்ற பாடசாலைகளின் முகாமையைத் தன்பால் எடுத்துக்கொண்டது. உதவி வேண்டாம் என்று தனியாக நிற்க விரும்பிய பெரிய பாடசாலைகள் கட்டணம் அறவிடவும் முடியாத நிலையில் பெரும் இடர்ப்பட்டன. அம்மாற்றம் நன்றா தீதா என்பதில் இன்றும் இரு கருத்துக்கள் உள்ளன. எப்படியாயினும், நாளாந்தச் செலவு முழுவதற்கும் பிறர் கையை நம்பியிருக்கும் நிறுவனத்தின் முடிவுகள் ஒரு நாள் அந்தக் கையால் எடுக்கப்படக் கூடும் என்பதை மறுக்க முடியாது.

ஆதலால் கட்டடத்துக்குக் கொடை வாங்கலாம். அதில் விளக்கேற்றும் செலவை ஊரே ஏற்க வேண்டும். முன்பள்ளி ஆசிரியைக்கு இரண்டு ஆண்டு வேதனம் தர ஒரு நிறுவனம் முன்வந்தால், மூன்றாம் ஆண்டு என்ன செய்வது என்பதை முதல் மாதமே யோசிக்க வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிப்பதற்குக் கொடையாளர் கிடைப்பர். கூரை ஒழுக்கை அடைப்பதற்குக் கிடைப்பது அரிது. புதிய கட்டடம் வேண்டாம், உள்ளதைத் திருத்த உதவுங்கள் என்று கேட்கும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் எம்மவர் குளிரிலும் இரவு வேலையிலும் உழைத்த பணத்தை ஊருக்கு அனுப்புகின்றனர். அவர்களுக்கு ஒழுங்கான கணக்கும் படமும் நன்றிக் கடிதமும் அனுப்புவது முதற் கடமை. கேட்கும் வரை காத்திருக்கலாகாது. அதே வேளை, பணம் தந்ததற்காகத் திருவிழா முறையையும் நிர்வாகத் தெரிவையும் தாமே தீர்மானிக்க வேண்டும் என ஒருவர் விரும்பினால், அதனை அன்பாக மறுக்கும் உரிமையும் ஊருக்கு உண்டு. காணிக்கை கொடுத்தவருக்குப் பிரசாதமும் கணக்கும் உரியவை. கோயிற் சாவி அவருக்கு உரியதாகாது.

கல்லில் எழுதிய ஒழுங்கு

நல்லாட்சி என்ற சொல் இக்காலத்தில் வெளிநாட்டு நிறுவனங்களின் பயிற்சி வகுப்புக்களிலே கேட்கப்படுவதால் அது மேலைத் தேசத்துச் சரக்கு என்று எண்ணுவோர் உளர். தமிழ்நாட்டின் உத்தரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபது வயதைக் கடந்தவரும் சேர்க்கப்படவில்லை. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர் தகுதி இழந்தார். அவர் மட்டுமன்றி அவரது நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

அம்முறை குறையற்றது என்று கூறுவதற்கில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இன்று அக்குறையை நீக்கி, அதிலுள்ள அறத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பதவி ஒரு தவணைக்கு உரியது. உறவு கணக்கை மறைக்கும் திரையாகக் கூடாது. ஒழுங்கு எல்லோரும் காணும் இடத்தில் எழுதப்பட வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கோயிற் சுவரில் எழுதினார்கள். இன்று வாசிகசாலை அறிவித்தற் பலகையில் ஒரு தாளை ஒட்டுவதற்கு ஏன் தயங்க வேண்டும்?

ஒரு கிராமத்து அமைப்புக்கு வேண்டிய ஒழுங்குகள் மிகச் சிலவே:

1. யாப்பு ஒன்று இருக்க வேண்டும். பதவிக்காலமும் தெரிவு முறையும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

2. வரும் பணம் எதுவாயினும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு எழுதி, முதலில் வங்கியில் இட வேண்டும். கையில் வந்ததைக் கையாலேயே செலவு செய்வது எல்லாக் குழப்பங்களுக்கும் தொடக்கமாகும்.

3. வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் இட வேண்டும். அவ்விருவரும் ஒரே வீட்டினராக இருத்தலாகாது. வெற்றுக் காசோலையில் முற்கூட்டியே கையொப்பம் இட்டுக் கொடுத்தலும் ஆகாது.

4. பெரிய கொள்வனவுக்கு மூன்று விலைமனுக்கள் பெற வேண்டும். ஒரே கடையில் மூன்று தலைப்புக் கடிதங்களில் எழுதி வாங்கிய மூன்றும் ஒன்றே. விலைமனுக் கொடுத்தவர் நிர்வாகியின் உறவினராயின், அந்நிர்வாகி அதைச் சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

5. பாத்திரம், கதிரை, ஒலிபெருக்கி முதல் நகை வரை யாவும் இருப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை நிர்வாகத்தில் இல்லாத இருவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. வரவு செலவு அறிக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்னரே ஊரவர் கைக்கு வர வேண்டும். கூட்டத்தில் விரைவாக வாசித்து முடிக்கும் கணக்கை எவராலும் விளங்கிக்கொள்ள இயலாது.

கணக்குக் கேட்பவர் பகைவரா?

இவ்வொழுங்குகள் யாவும் இருந்தும் ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை. அது, கேள்வியைப் பொறுத்துக்கொள்ளும் பண்பாகும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மணல் ஏன் இத்தனை லோட்?" என்று கேட்டால், "என்னைக் கள்ளன் என்கிறீரா?" என்று பொருளாளர் சினப்பதுண்டு. சாவியை மேசையில் எறிந்துவிட்டு வெளியேறிய நிர்வாகிகளும் உண்டு. சொந்தக் கடமைகளை விட்டுவிட்டுச் சம்பளமின்றி உழைத்தவருக்கு இக்கேள்வி வலிக்கத்தான் செய்யும். அந்த வலி நியாயமானதே. எனினும் கேள்வி அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியதன்று. ஊரின் பொருளைப் பற்றியது. எல்லாவற்றையும் அறிந்த இறைவன் முன்னிலையில் நடப்பதால் மனிதருக்குக் கணக்கு எதற்கு என்று கூறுவது பக்தி போலத் தோன்றும். இறைவனுக்கு எமது கணக்கேடு தேவையில்லை. ஒருவரையொருவர் நம்பி வாழ வேண்டிய மனிதருக்கே அது தேவை.

கேட்பவருக்கும் அறம் உண்டு. கூட்டத்துக்கு வராமல், சந்தியில் நின்று சந்தேகம் விதைப்பதும், பெயர் எழுதாத மொட்டைக் கடிதம் அனுப்புவதும் கணக்குக் கேட்பதாகா. அவை ஒருவரின் மானத்தை அவருக்குப் பதில் சொல்ல இடம் தராமல் பறிக்கும் செயல்களாகும். அறிக்கையை வாசித்து, கூட்டத்துக்கு வந்து, எழுந்து நின்று, எல்லோர் முன்னிலையிலும் கேட்க வேண்டும். பதில் சரியாயின் "சரி" என்று அதே கூட்டத்தில் சொல்லவும் வேண்டும். இந்த ஒன்றைச் செய்யத் தவறியதால் வழக்காகி, திருவிழா நின்று, கதவு பூட்டப்பட்ட ஆலயங்கள் எமது தேசத்தில் இல்லாமலில்லை. அங்கே வழக்கில் வென்றவர் யாராயினும், பூசை இன்றிக் கிடந்த நாட்களை எவராலும் திருப்பித் தர முடியவில்லை.

நம்பிக்கை பெருகும் வழி

கணக்கும் கருணையும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தெல்லிப்பழை ஸ்ரீ துர்க்காதேவி ஆலயம் ஓர் எடுத்துக்காட்டாகும். 2008இல் இறைபதம் அடைந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் அவ்வாலய நிர்வாகத்தின் தலைமையை ஏற்று நடத்திய காலத்தில், ஆலயத்தின் வருவாய் திருப்பணியுடன் நின்றுவிடவில்லை. ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கான துர்க்காபுரம் மகளிர் இல்லமாகவும் அது மலர்ந்தது. போர் சூழ்ந்த காலத்திலும் உள்நாட்டிலும் கடல் கடந்தும் அடியார்கள் அவரை நம்பிக் கொடுத்தார்கள். கொடுத்தது எங்கே போகின்றது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகின்ற தர்மத்துக்குக் கை தானாக நீளும்.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய பண்பு இதுவன்று. நூறு குடும்பங்கள் உள்ள ஊரிலும் இது இயலும். பதவி ஏற்கும் அன்று வரும் மாலையை விட, பதவி விலகும் அன்று கொடுக்கும் பொறுப்புக் கையளிப்பே ஒரு நிர்வாகியின் பெருமையைக் காட்டும். காசேடு, பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், வங்கிப் புத்தகம், இருப்புப் பதிவேடு, கொடையாளர் கடிதங்கள், சாவிக் கொத்து என்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, அடுத்தவர் கையொப்பம் பெற்று ஒப்படைத்துவிட்டு, சாதாரண அடியாராக வீதியில் வந்து கும்பிட்டு நிற்பவர் பாக்கியசாலி. அவருக்குப் பின்வருபவர் சிறியவராயினும், வேறு பகுதியைச் சேர்ந்தவராயினும், பெண்ணாயினும், அதே மரியாதையுடன் ஒப்படைக்க வேண்டும்.

பிறர் நம்பித் தந்த பொருளுக்கு உண்மையாய் இருக்கும் மனத்தையும், கேட்பவருக்குப் பதில் கூறும் பொறுமையையும், வறியோர் பசியையும் பிள்ளைகளின் தேவையையும் மறவாத நெஞ்சையும் ஊரவர் யாவருக்கும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.